நானும் ஒரு மெத்தை முதலாளி

குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் மரம், ஈத்தாமொழியில் மனைவி வழியில் வந்த சில தென்னைகள். பாலும் தும்பும் சொந்தமாக வைத்திருப்பவன் மெத்தையைக் கடையில் வாங்குவதா என்ற ஆணவத்தில்தான் எல்லாம் தொடங்கியது. ரப்பர் தும்பு மெத்தையும் நெய்யாத் துணி வகையறாதான். தறி கிடையாது, பாவு ஊடு கிடையாது. இழையைப் பரப்பி, பசையைத் தெளித்து, சூட்டில் இறுக்கினால் முடிந்தது.

பசையில் எனக்கொரு கொள்கை உண்டு. 2018இல் அமரவிளை சோதனைச் சாவடியில் ஃபார்மலின் கலந்த மீனைக் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையினர் பிடித்தார்கள் இல்லையா, அன்றிலிருந்து பிடித்த வைராக்கியம். ஃபார்மலினில் இருப்பது ஃபார்மால்டிஹைடு. அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. நெய்யாத் துணிக்குப் போடும் அக்ரிலிக் பசைகள் பலவற்றில் என்-மெத்திலால் அக்ரிலமைடு என்றொரு சரக்கு சேர்ப்பார்கள். சூடேறும்போது பசையின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பது அதுதான். பிணைக்கிற போக்கில் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடையும் கக்கும்.

இதை வாசித்த வேகத்தில், ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து கொரோனா காலத்து முகக்கவசங்களை எல்லாம் பழித்துத் தள்ளினேன். பக்கத்து இலையில் அக்கா மகள், பாலிமர் படித்தவள். "மாமா, அந்த மாஸ்குல பசையே கிடையாது. பாலிப்ராப்பிலீன் இழையைச் சூட்டுலயே ஒட்டிருவாங்க. நீங்க சொல்லுதது வேற துணி" என்றாள். நான் அவியல் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆனாலும் என் மெத்தை விஷயத்தில் கொள்கை சரிதான். ரப்பர் பாலுக்கு ஃபார்மால்டிஹைடு தேவையே இல்லை, கந்தகம் போதும். சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்த சங்கதி அது. இரண்டு கயிறுகளுக்கு நடுவே படி வைத்துக் கட்டினால் ஏணி ஆவதுபோல, ரப்பர் சங்கிலிகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போடும். அதன்பிறகு வெயிலில் இளகாது, இழுத்தால் திரும்பி வரும்.

கொள்கை சரி, கைதான் சரியில்லை. வெட்டுக்காரர் கொண்டுவந்த பாலில் அம்மோனியா விடாமல் மதியத் தூக்கம் போட்டேன். எழுந்து பார்த்தால் வாளிக்குள் பால் இல்லை, வாளி வடிவத்தில் ஒரு கட்டி. அடுத்த தடவை அம்மோனியா மறக்கவில்லை. ஆனால் பாலை ஊற்றி வைத்தது பித்தளை உருளியில். அம்மோனியா பித்தளையிலிருக்கும் செம்பை அரித்து நீலமாக இறங்கியது. செம்பு ரப்பருக்கு எமன். அது கலந்த பால் காய்ந்த பிறகு பிசுபிசுத்துக் கெட்டுப்போனது. "எங்க அம்மை தந்த உருளி இதுக்கா?" என்ற மனைவியின் கேள்விக்கு வேதியியலில் பதில் இல்லை.

பிறகு பிளாஸ்டிக் வாளிக்கு மாறினேன். கந்தகத் தூளையும் துத்தநாக ஆக்சைடையும் பொட்டலத்திலிருந்து அப்படியே கொட்டினேன். கந்தகம் தண்ணீரோடு சேராத சாதி. ஆலைகளில் அதைத் தண்ணீரும் பரவல் மருந்தும் விட்டு மணிக்கணக்கில் அரைத்த பிறகே பாலில் சேர்ப்பார்கள். காய்ந்த தூள் விழுந்த இடமெல்லாம் பால் திரிந்து, மஞ்சள் உருண்டைகள் மிதந்தன. அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தும்பின் மேல் தெளித்தேன்.

தும்பிலும் குறுக்குவழிதான். அதை முதலில் முறுக்கிக் கயிறாக்கி, சுருள் படிந்த பிறகு பிரித்தால்தான் மெத்தைக்குள் சுருள்வில் மாதிரி நிற்கும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. நேரான தும்பையே பரப்பினேன். நீராவிச் சூட்டில் வேகவைக்க வேண்டியதை மொட்டை மாடி வெயிலுக்கு விட்டேன். நாகர்கோவில் வெயிலுக்கு ஈரத்தை உலர்த்தத் தெரியும், கந்தகப் பாலம் கட்டத் தெரியாது.

அன்று மத்தியானம் அதில் படுத்தேன். நான் எழுந்தேன், வேட்டி எழுந்திருக்கவில்லை.

கிழித்தெடுத்ததைச் சுருட்டி, ஒட்டுப்பால் வாங்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "சாறே, இது ரப்பரா, தும்பா? ஒண்ணச் சொன்னாத்தானே வெல போட முடியும்."