முழுப் பொறுப்பேற்பவர்

காற்பந்து அணியின் தலைமை என்பது, கையில் பட்டை கட்டிக்கொண்டு களத்தில் ஆடும் அணித்தலைவர், எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை வறளக் கத்தும் பயிற்சியாளர், உயரத்தில் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து பார்க்கும் கழக நிர்வாகி ஆகிய மூவரிடமும் பகிர்ந்திருப்பதாயினும், அணி ஐந்தாறு கோல் வாங்கித் தோற்று, அதன் வீரர் ஒருவர் எதிரணியினரை முழங்கையால் இடித்துச் சிவப்பு அட்டையும் பெற்ற மாலைப்பொழுதில், ஒலிவாங்கிகளின் முன் கொண்டுவந்து உட்காரவைக்கப்படுபவர் பெரும்பாலும் பயிற்சியாளர் ஒருவரே ஆவார். சிவப்பு அட்டை என்பது, அதைப் பெற்றவர் உடனே களத்தை விட்டு வெளியேற வேண்டும், அவருக்கு மாற்றாக வேறொருவர் இறங்கவும் கூடாது என்று நடுவர் விதிக்கும் தண்டனை. குற்றம் செய்தவர் இவ்வாறு குளிக்கப் போய்விடுவதால், அவருக்காகப் பேசும் கடமையும் பயிற்சியாளரின் தலையிலேயே விடிகிறது.

இவர் முதலில் சொல்வது எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றே: தோல்விக்கான முழுப் பொறுப்பையும் தாமே ஏற்பதாக அறிவிப்பார். பொறுப்பை முழுதாக எடுத்துக்கொள்வதில் பெரிய வசதி ஒன்று உண்டு. பாதி, கால் என்று பிரித்து எடுத்தால், எந்தப் பாதி, எதற்காக, இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் நடுக்களத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்றெல்லாம் அடுத்த வினாக்கள் வரும். முழுதாக எடுத்துக்கொண்டவரிடம் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பொறுப்பேற்றவர் அதன்பின் என்ன செய்ய வேண்டும் என்று எந்த விதிநூலிலும் எழுதப்படவில்லை என்பதையும் அவர் அறிவார். எனவே பொறுப்பேற்ற அடுத்த வாக்கியத்திலேயே நடுவர், காயங்கள், பயணக் களைப்பு, ஈரப்புல் ஆகியவற்றைப் பற்றிய விளக்கத்தைத் தயக்கமின்றித் தொடங்குகிறார்.

இவ்வகை விளக்கங்களில் முதலிடம் பெறத்தக்கது, 1996 ஏப்ரலில் சவுதாம்ப்டன் நகரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளர் அலெக்ஸ் பெர்குசன் அளித்ததாகும். (இங்கிலாந்தில் தலைமைப் பயிற்சியாளரை மேலாளர் என்றே அழைப்பது வழக்கம்.) இடைவேளையின்போது மூன்று கோல் பின்தங்கியிருந்த தம் வீரர்களின் சாம்பல்நிறச் சட்டைகளைக் கழற்றச் செய்து, நீலமும் வெள்ளையும் கலந்த சட்டைகளை அணிவித்து அவர் மீண்டும் களத்துக்கு அனுப்பினார். சாம்பல்நிறம் பார்வையாளர் கூட்டத்தோடு கலந்துவிட்டதால், வீரர்களால் ஒருவரையொருவர் அடையாளம் காண முடியவில்லை என்பது அவருடைய வாதம். ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்று சொன்ன கதையாக இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் சட்டை மாறிய பிறகு அவ்வணி ஒரு கோல் அடித்து, எதிரணியை மேற்கொண்டு ஒன்றும் அடிக்கவிடாமல் 3-1 என்று தோற்றதோடு, அந்தப் பருவத்தின் லீக் பட்டத்தையும் வென்றுவிட்டது என்பதால், கூடம் உண்மையிலேயே சற்றுக் கோணலாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் அறிஞர்களிடையே நீங்காமல் இருக்கிறது.

தோல்வியைப் பொறுத்தவரை பயிற்சியாளரின் குறை நாவில் என்றால், ஒழுங்கீனத்தைப் பொறுத்தவரை அது கண்ணில் இருக்கிறது. எதிரணி வீரர் பந்தை உள்ளெறியும்போது அவரது குதிகால் தரையிலிருந்து விரலளவு எழும்பியதை எழுபது மீட்டர் தொலைவிலிருந்து கண்டு, நான்காம் நடுவரிடம் கைவீசி முறையிடும் அதே மனிதருக்கு, தமக்கு ஐந்து மீட்டர் முன்னால் தம் வீரர் ஒருவர் மற்றொருவரின் கணுக்காலை மிதித்தது மட்டும் தெரிவதில்லை. 1996 முதல் 2018 வரை ஆர்சனல் அணியை நடத்திய ஆர்சென் வெங்கர் இந்தப் பார்வைக் குறையால் புகழ்பெற்றவர். நிகழ்ச்சியைத் தாம் காணவில்லை என்ற அவருடைய பதில் இங்கிலாந்துச் செய்தியாளர்களிடையே நிலைத்த நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. சில வேளைகளில் கண்டிருந்தும், அச்செயலை நியாயப்படுத்த வழி தெரியாமல், வீரர்களைக் காப்பதற்காகவே காணவில்லை என்று சொன்னதுண்டு என அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலில் ஒரு நேர்மை இருக்கிறது. மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூட வருவதில்லை.

காணாமையின் ஆபத்து 2012 பிப்ரவரி 11 அன்று வெளிப்பட்டது. மான்செஸ்டர் யுனைடெட்டின் பத்ரிஸ் எவ்ராவை இனத்தைச் சுட்டி இழிவுபடுத்தியதற்காக எட்டு ஆட்டத் தடையை அனுபவித்துத் திரும்பியிருந்த லிவர்பூல் வீரர் லூயிஸ் சுவாரெஸ், ஆட்டத்துக்கு முந்தைய கைகுலுக்கல் வரிசையில் எவ்ராவின் நீட்டிய கையைத் தொடாமலே கடந்துபோனார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்த அக்காட்சியை, 2-1 என்று தோற்று வந்த லிவர்பூல் மேலாளர் கென்னி டால்கிலிஷ் மட்டும் அறிந்திருக்கவில்லை. அறியாததோடு நில்லாமல், அதுபற்றிக் கேட்ட செய்தியாளரிடமே சீறினார். மறுநாள் சுவாரெஸ், டால்கிலிஷ், கழகத்தின் நிர்வாக இயக்குநர் ஆகிய மூவரும் ஒருவர்பின் ஒருவராக வருத்தம் தெரிவித்தனர். ஒரே இரவில் பார்வை திரும்புவது மருத்துவத்தில் அரிது. கழக உரிமையாளர்கள் தலையிடும் இடங்களில் அவ்வளவு அரிதன்று.

கை மறுக்கப்பட்ட அந்த எவ்ராவோ, அதற்கு இரண்டாண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன், இவ்வகைத் தலைமையின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த காட்சி ஒன்றை அரங்கேற்றியவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த 2010 உலகக் கோப்பையில் பிரான்சின் அணித்தலைவராக இருந்தவர் அவரே. ஜூன் 17 அன்று மெக்சிகோவிடம் 0-2 என்று பிரான்ஸ் தோற்ற ஆட்டத்தின் இடைவேளையில், முன்கள வீரர் நிக்கோலா அனெல்கா தம் பயிற்சியாளர் ரேமோன் தொமெனெக்கை அச்சில் ஏற்றத்தகாத சொற்களால் திட்டியதாக, லெக்கிப் நாளிதழ் அச்சொற்களை முதற்பக்கத்திலேயே ஏற்றியது. அவை தம் சொற்கள் அல்ல என்று அனெல்கா மறுத்தபோதிலும், பிரெஞ்சுக் காற்பந்துக் கூட்டமைப்பு அவரை வீட்டுக்கு அனுப்பியது. அணித்தலைவரின் கவலையோ முற்றிலும் வேறாக இருந்தது. பயிற்சியாளர் திட்டு வாங்கியது அவருக்குச் சிக்கலாகத் தோன்றவில்லை. அதை வெளியே சொன்ன துரோகி யார் என்பதே அணியின் சிக்கல் என்று அவர் செய்தியாளர்களிடம் அறிவித்தார். உடைமாற்றும் அறையில் நிகழ்வது எதுவும் அதன் கதவைத் தாண்டலாகாது என்பது இவ்விளையாட்டின் எழுதாச் சட்டம். அச்சட்டத்தின் கண்களில் வசைபாடியவர் தடுமாறிய சகோதரர், வசையை வெளியே கொண்டுபோனவரே குற்றவாளி.

ஜூன் 20 அன்று நைஸ்னா என்னும் ஊரில், உள்ளூர் மக்களுக்காகத் திறந்துவிடப்பட்டிருந்த பயிற்சிக்கு வந்த வீரர்கள், அனெல்கா அனுப்பப்பட்டதைக் கண்டித்துப் பயிற்சி செய்ய மறுத்தனர். எவ்ராவும் உடற்பயிற்சியாளர் ரொபெர் துவெர்னும் கைகலக்கும் நிலைக்கு வந்து, பயிற்சியாளரே நடுவே புகுந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று. வீரர்கள் பேருந்தில் ஏறித் திரைச்சீலைகளை இழுத்துவிட்டுக்கொண்டனர். கூட்டமைப்பின் அதிகாரி ஒருவர் அந்த இடத்திலேயே, ஒளிப்படக் கருவிகளின் முன்னால், பதவி விலகுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எஞ்சியது ஒரு தாள். வீரர்கள் தம் வேலைநிறுத்தத்துக்கான காரணங்களை எழுதிக் கொடுத்திருந்த அந்த அறிக்கையை யாராவது செய்தியாளர்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும். இடைவேளைச் சம்பவத்துக்கு வருந்துவதாகவும், அது வெளியே கசிந்ததற்கு அதைவிட அதிகமாக வருந்துவதாகவும் கூறிய அத்தாளைத் தெளிவான குரலில் படித்தவர், திட்டு வாங்கியவரும் வேலைநிறுத்தத்துக்கு உள்ளானவருமான தொமெனெக்கேதான். தமக்கு எதிரான கலகத்தின் செய்தித் தொடர்பாளராகத் தாமே பணியாற்றிய தலைவர் வரலாற்றில் வேறு எவரேனும் இருப்பரோ என்று தேடிப் பார்ப்பது பயனுள்ள ஆய்வாக அமையும்.

மூன்று ஆட்டங்களில் ஒரே கோலும் ஒரே புள்ளியும் பெற்று பிரான்ஸ் வெளியேறியது. அவ்வளவுக்குப் பிறகும் கண்டிப்பு தொமெனெக்கிடம் கொஞ்சம் மீதமிருந்தது; கடைசி ஆட்டம் முடிந்ததும், வென்ற தென்னாப்பிரிக்க அணியின் பயிற்சியாளரான பிரேசில் நாட்டுக் கார்லோஸ் ஆல்பர்ட்டோ பரெய்ரா நீட்டிய கையைப் பற்ற மறுத்து அதைச் செலவிட்டார். நாடு திரும்பிய பின், புதிய பயிற்சியாளர் லோரான் பிளாங்கின் வேண்டுகோளின்படி 23 வீரர்களும் அடுத்த நட்பு ஆட்டத்துக்கு ஒட்டுமொத்தமாக நீக்கப்பட, அவர்களுக்குப் பதிலாக இறங்கிய ஒழுக்கசீலர்கள் நார்வேயிடம் 1-2 என்று தோற்றனர். தனித்தனித் தண்டனைகளாக அனெல்காவுக்கு 18 ஆட்டங்களும் எவ்ராவுக்கு 5 ஆட்டங்களும் தடை விதிக்கப்பட்டன.

கை மறுக்கப்பட்ட பரெய்ராவும் இத்துறையில் தம் பங்கை ஆற்றாமல் ஓயவில்லை. 2014 ஜூலை 8 அன்று பெலோ ஒரிசோன்ச் நகரில், சொந்த மண்ணில், பிரேசில் 1-7 என்று ஜெர்மனியிடம் நொறுங்கியது. முதல் அரைமணி நேரம் முடியுமுன்பே ஐந்து கோல்கள் விழுந்திருந்தன. பயிற்சியாளர் லூயி பெலிப்பே ஸ்கொலாரி முறைப்படி முழுப் பொறுப்பையும் ஏற்றார். மறுநாள் செய்தியாளர் சந்திப்பில், அப்போது பிரேசில் அணியின் ஒருங்கிணைப்பாளராக இருந்த பரெய்ரா, தோனா லூசியா என்னும் ரசிகையிடமிருந்து வந்ததாகக் கூறி, ஸ்கொலாரியைப் பாராட்டும் கடிதம் ஒன்றை எடுத்து வாசித்தார். ஏழு கோல்களுக்கு விளக்கம் கேட்க வந்தவர்களுக்கு, நன்றிக்கடிதம் ஒன்று விடையாகக் கிடைத்தது. தோனா லூசியா என்ற பெயர் அன்று முதல் பிரேசிலில் தனியொரு நகைச்சுவைப் பாத்திரமாயிற்று.

சொல் தீர்ந்த இடத்தில் பணம் பேசுவதும் உண்டு. 2009 நவம்பரில் டாட்டன்ஹாமிடம் 1-9 என்று தோற்ற விகன் வீரர்கள், உடன் பயணித்த ரசிகர்களின் நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தனர். 2019 அக்டோபரில் லெஸ்டரிடம் 0-9 என்று தோற்ற சவுதாம்ப்டன் வீரர்களும் பயிற்சியாளர் குழுவினரும் அன்றைய ஊதியத்தைக் கழகத்தின் அறக்கட்டளைக்கு அளித்தனர். அதே சவுதாம்ப்டன் 2021 பிப்ரவரியில் மீண்டும் 0-9 என்று தோற்றபோது, பெருந்தொற்றின் காரணமாக அரங்கு காலியாக இருந்ததால், சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்க எவரும் இல்லாத நற்பேறு அவர்களுக்கு வாய்த்தது.

கழக நிர்வாகி இவ்வளவு நேரமும் பேசாதிருந்து, பயிற்சியாளர்மீது தமக்கு முழு நம்பிக்கை இருப்பதாக அறிக்கை விடும் நாளில்தான் வாய் திறக்கிறார். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் அதைப் படித்ததும் மேசை இழுப்பறைகளைக் காலிசெய்யத் தொடங்குவர். எனினும் இவ்வகையினர் வேலையின்றி நெடுநாள் இருப்பதில்லை. ஏழு கோல் வாங்கிய ஸ்கொலாரியை அந்த ஜூலை முடிவதற்குள்ளாகவே கிரேமியோ கழகம் அமர்த்திக்கொண்டது. தொமெனெக் பிரெஞ்சுப் பயிற்சியாளர்களின் சங்கத்துக்குத் தலைவராகி, அவர்களுடைய பணிப் பாதுகாப்பைக் கவனித்துக்கொண்டார். அப்படியிருக்க, 2020 டிசம்பரில் நான்ட் கழகம் தன் பயிற்சியாளர் பதவிக்கு அவரை அழைத்து, ஒரு வெற்றியும் வராததைக் கண்டு, ஏழு வாரங்களுக்குள் அவரையே பணியிலிருந்து நீக்கியது.