நாலரை வண்டு: ஆரணி நோக்கில் ஓர் ஆய்வு

அறியாத எண்ணை வர்க்கமூலக் குறிக்குள் வைத்திருக்கும் சமன்பாடுகளைத் தீர்க்கும்போது, அழையாமலே வந்து உட்காரும் இரண்டாம் விடை புறம்பான மூலம் எனப்படும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சந்திக்கும் அவ்வகை விடைகளுள் தலையாயது நாலரை வண்டு. இரண்டாம் பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதியிலிருந்து, உருச் சற்றே மாறிப் பத்தாம் வகுப்புப் பாடநூல்வரை பறந்துவந்துள்ள கணக்கில், கூட்டத்தின் பாதிக்கு வர்க்கமூலம் எதுவோ அத்தனை வண்டுகளும், மேலும் கூட்டத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் மரத்துக்குப் போய்விட, மீதி இரண்டு தாமரையில் சிக்கிக்கொள்கின்றன. மூலத்தை ஒருபுறம் தனியே நிறுத்தி, இருபுறமும் வர்க்கப்படுத்தித் தீர்த்தால் 72, 4.5 என இரு விடைகள் வரும்.

நாலரையைத் தள்ளுவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், அரை வண்டு பறக்காது என்பதாகும். இது உயிரியலுக்குப் போதுமேயன்றிக் கணிதத்துக்குப் போதாது என்பது, கணக்கைப் பட்டு நெசவுக்குப் பெயர்போன ஆரணிக்குக் கொண்டுவந்ததும் தெரிந்துவிடும். வண்டுகளுக்குப் பதிலாகக் கோரா, அதாவது சாயம் ஏற்றாத பட்டு நூல், கிலோக்கணக்கில் வைக்கப்படுமாயின் நாலரையை எந்தத் தராசும் மறுக்காது. (கிலோவுக்கு வர்க்கமூலம் எடுக்கலாமா என்பது தனி ஆய்வுக்குரியது.) ஆனால் பாதியான 2.25இன் மூலம் 1.5, ஒன்பதில் எட்டு 4, மீதி 2 எனக் கூட்டினால் 7.5 வருகிறது. நாலரையில் புறப்பட்டது ஏழரையில் முடிவதை, கணிதம் அறியாதவரும் நல்ல சகுனமாகக் கொள்ளார்.

வர்க்கமூலக் குறி குறை எண்ணை ஒருபோதும் சுட்டாது, ஆயினும் 1.5, −1.5 இரண்டின் வர்க்கமும் 2.25 ஆதலால், வர்க்கப்படுத்தும் கணத்திலேயே அவ்வேறுபாடு அழிந்து, போலிக்கு வாசல் திறந்துவிடுகிறது. மூலத்தை −1.5 எனக் கொண்டால், அதாவது ஒன்றரை வண்டு மரத்திலிருந்து திரும்பி வந்ததாகக் கொண்டால், நாலரைக்கும் கணக்கு நேராகும்.

ஆகவே, ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்ப்பதுபோல், விடையை வர்க்கப்படுத்துவதற்கு முந்தைய சமன்பாட்டில் இட்டுப் பார்த்தாக வேண்டும். பிந்தையதில் இட்டால் இரண்டுமே தேறிவிடும். 72 என்பது 6, 64, 2 எனப் பிரிந்து முந்தையதிலும் நிற்கிறது. பாடநூலோ கூட்டத்தை ஒரு வர்க்கத்தின் இருமடங்கு என முன்கூட்டியே பெயரிட்டு, மூலக் குறியையே தவிர்த்துவிடுகிறது. அங்கே நாலரை வண்டு −1.5 என்னும் மாறுவேடத்தில் நிற்பதால், பிள்ளைகள் அதைக் குறை எண் என்றே அடித்துவிடுகின்றனர். காரணமும் அவ்வோரிடத்தில் சரியாகவே அமைந்துவிடுகிறது.