வயதான பூனையும் மணல் தட்டும்

14 வயதுப் பூனை மணல் தட்டு வரை போய்விட்டு, வெளியே சிறுநீர் கழிக்கிறது. வயதானதும் திமிர் வந்துவிட்டதா?

வந்தது மூட்டுவலி. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 12 வயதைத் தாண்டிய பூனைகளில் 90 சதவீதத்துக்கு எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. உயரமான விளிம்பைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும்.

என்ன செய்வது?

தட்டின் ஒரு பக்க விளிம்பை இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுக்க வேண்டும். தட்டு, பூனையின் உடலைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும். வாசனை சேர்க்காத மென்மையான மணல் நல்லது. மாடி வீடானால் தளத்துக்கு ஒரு தட்டு.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. அதைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடும்.

டாக்டரிடம் எப்போது போவது?

தண்ணீர் அதிகம் குடித்து, சிறுநீரும் அதிகம் போனால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம். அந்த வாரமே பரிசோதனை தேவை. ஆண் பூனை முக்கி முக்கியும் ஒரு சொட்டு வரவில்லையென்றால், நடுராத்திரியானாலும் உடனே.