முதல் வருட பாக்ஸ்டர்

பழைய போர்ஷே பாக்ஸ்டர் வாங்க ஆசை. 'முதல் வருட மாடலைத் தொடாதே, நாலு வருஷம் தள்ளி வந்ததைப் பார்' என்கிறார் நண்பர். கேட்கலாமா?

கேட்டால், எந்தக் குழியைத் தாண்டச் சொல்கிறாரோ அதிலேயே போய் இறங்குவீர்கள்! 1997 மாடலில் இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டு பேரிங்குக்கு இரட்டை வரிசைக் குண்டுகள். 2000-ஐ ஒட்டி அதை ஒற்றை வரிசையாக்கினார்கள். அதிகம் உடைந்தது அதுதான். அமெரிக்காவில் நஷ்டஈடு கேட்டு நடந்த வழக்கே 2001 முதல் 2005 வரையிலான மாடல்களைப் பற்றியது. பேரிங் போனால் இன்ஜினும் போச்சு. வேறு இன்ஜின் போட வண்டி விலையே பத்தாமல் போகலாம்.

முதல் வருட வண்டி பத்தரைமாற்றுத் தங்கம் என்று சொல்லவில்லை. இன்ஜினின் பின்பக்க சீலில் எண்ணெய் கசியும், அது வேறு கதை.

எந்த வருடமானாலும் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பேரிங் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். மடிப்புகளில் மினுங்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால், சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.