வள்ளியின் அண்ணன்மாருக்கு ஒரு செயலமர்வு

வாகரைப் பக்கத்து வேடர்களுக்குக் கதை சொல்லப் பழக்கப் போகிறார்களாம். இரண்டு நாள் செயலமர்வு, பாசிக்குடாவில், ஏசி மண்டபத்தில். வாகரையிலேயே வைத்தால் என்ன என்று கேட்கப்படாது. வளவாளருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. பெனரில் அனுசரணையாளர்களின் இலச்சினைகள் வரிசையாக நிற்கும். கலைஞர்களின் பெயர் ஒன்றும் இராது, அவர்கள் 'பயனாளிகள்'. காலையில் பதிவேட்டில் கையொப்பம், வடை, பிளேன்ரீ. பிறகு 'கதை என்றால் என்ன?' என்று மல்ரிமீடியாவில் படம்.

முன் கதிரையில் இருக்கிறவர் கப்புகன். விடிய விடியச் சடங்கு நடத்துகிற மனுசன். வேட பாஷையும் தமிழும் கலந்த பாட்டுகளைப் புத்தகம் பாராமல் பாடித் தெய்வத்தை இறக்குகிறவர். அவருக்குக் கதையின் தொடக்கம், நடு, முடிவைச் சொல்லிக்கொடுப்பவர் நேற்றுக் கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி. அந்தத் தம்பிதான் வழிகாட்டி.

படம் எடுக்கும்போது தம்பிக்கு ஒரு மனக்குறை.

"ஐயா, தோளில கோடாலி ஒண்டும் இல்லையா?"

"அது தம்பானைக் காட்டு வேடர்ர வழக்கம் மகன். நாங்க கடலுக்குப் போற ஆக்கள்."

இந்தக் குறை பழையது. 1911இல் வேடர் பற்றிப் பெரிய புத்தகம் போட்ட செலிக்மன் தம்பதியும் இந்தக் கரையோர வேடருக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கி, தமிழரோடு கலந்துபோனவர்கள் என்று எழுதிவிட்டுப் போனார்கள். சாரம் உடுத்துத் தமிழ் பேசினால் வேடனில்லை. கோடாலி தூக்கினால்தான் நிதி.

வெள்ளைக்காரனைத் திட்டுவது சுகம். நம்முடைய ஆட்களைப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் மண்டூர் முருகன் கோயில். அங்குள்ள முருகனின் வேலாயுதத்தை முதலில் வழிபட்டவர்கள் வேடர் என்று கர்ணபரம்பரைக் கதை சொல்லி மெய்சிலிர்க்கிறோம். கப்புகனார் வாய் கட்டிப் பூசை செய்ய, கை கூப்பி நிற்கிறோம். முருகனுக்கு வள்ளியைத் தந்ததும் வேடர்தானே? வள்ளி வேண்டும், அண்ணன்மார் வேண்டாம். அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க எத்தனை பேருக்குத் தொண்டை இறங்கும்? அவர்களுடைய குமார தெய்வத்தையும் விடமாட்டோம். பந்தலைப் பிரித்துச் சீமெந்துக் கோயில் கட்டி, ஐயரை வைத்துக் கும்பாபிஷேகம் செய்துவிட்டுக் கப்புகனை வாசலில் நிறுத்துவோம். அதற்குப் பெயர் முன்னேற்றம்.

கேளாமல் எடுத்துக்கொள்வது வெளியிலும் நடந்ததுதான். அவுஸ்திரேலியாவில் 1966இல் ஒரு டொலர் நோட்டு அடித்தார்கள். அதில் டேவிட் மலங்கி என்ற பழங்குடி ஓவியரின் மரப்பட்டை ஓவியம். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்தபின் ஆயிரம் டொலரும் ஒரு பதக்கமும் ஒரு தூண்டில் பெட்டியும் கொடுத்தார்கள். கேவலம்தான். ஆனாலும் தூண்டிலாவது கொடுத்தார்கள்! நம்மவர் கொடுப்பது லமினேற் பண்ணின சான்றிதழ். வலையில் கட்டினால் மிதக்கவும் செய்யாது.

பழக்குவது எப்படி என்று மட்டக்களப்புக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கூத்துக்குச் சட்டங்கொடுத்து, தாளக்கட்டு ஏற்றி, சதங்கை கட்டி, அடுக்குப் பார்த்து அரங்கேற்ற, கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு மாதக்கணக்கு வேண்டும். அவர் ஊரில் இருப்பார், பிள்ளைகள் அவரிடம் வருவார்கள். சீலாமுனைக் கிராமத்தில் அரங்கச் செயற்பாட்டாளர் ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' குழுவினரும் கூத்து மீளுருவாக்கத்துக்கு இறங்கியபோதும் ஊரோடும் அண்ணாவிமாரோடும் இருந்துதான் செய்தார்கள். பாசிக்குடாவில் மண்டபம் பிடிக்கவில்லை.

2004இல் சுனாமியாய்க் கடல் வந்தது. 2006இல் போரில் ஷெல் வந்தது. இரண்டிலும் தப்பிய பாட்டுகள் செயலமர்விலும் தப்பும். எனக்கு ஆத்திரம் வேறொன்றில். இரண்டாம் நாள் மாலை, 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று ஒலிவாங்கியை நீட்டுவார்கள். கதிரவெளிப் பக்கம் இல்மனைட் மணல் தோண்ட வந்ததை, அதை எதிர்த்து ஊர் வீதிக்கு இறங்கியதை, அடைபட்ட காட்டை, உறுதி இல்லாத காணியை ஒருவர் சொல்லத் தொடங்குவார். ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்து காதில் சொல்வார்:

"ஐயா, அது அரசியல். குரங்கும் முதலையும் மாதிரி ஒண்டு சொல்லுங்க."