வீட்டுப்பள்ளிச் சிற்றுலாவியல்: காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு (வடைச் சான்றுகளுடன்)

1. ஆய்வு நோக்கமும் எல்லையும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தே படிக்கவைக்கும் பெற்றோர், வாரம் ஒருமுறையாவது அதே பிள்ளையை வீட்டில் வைத்திருக்க முடியாமல் வெளியே கூட்டிப்போகிறார்கள். இம்முரண்பாட்டை இதுவரை எவரும் ஆராய்ந்ததில்லை. ஆராயாமல் விட்டதற்குத் தக்க காரணம் இருக்குமோ என்ற ஐயத்தை முனைவர் பட்ட ஆய்வேடுகள் எழுப்புவதில்லை. இங்கும் எழுப்பப்படவில்லை.

வடக்கே நெய்வேலிச் சுரங்கம், தெற்கே கொள்ளிடம், மேற்கே கங்கைகொண்டசோழபுரம், கிழக்கே பிச்சாவரம். இவற்றுக்குள் பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோ போய், இருட்டுமுன் வீடு சேர்வது சிற்றுலா எனப்படும். இரவு தங்கினால் அது பேருலா. அதற்கு மாமியாரின் முன் அனுமதி தேவைப்படுவதால் ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

கருதுகோள், முடிவுரை எழுதிய பிறகு முறைப்படி வகுக்கப்பட்டது. கையில் ஒர்க்‌ஷீட்டுடன் போகும் பிள்ளை ஒர்க்‌ஷீட்டைக் கற்கும், ஏரியைக் கற்காது என்பதே அது.

2. வினாவும் விடையும்

பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிரும் உலா வரும் தலைவனைக் கண்டு மயங்குவது சிற்றிலக்கிய மரபு. நம் உலாவில் ஏழு பருவத்தாரும், கூடவே கண்டக்டரும், பிள்ளையைக் கண்டு கேட்பது ஒன்றே: “ஏம்ப்பா, இன்னிக்கு ஸ்கூல் இல்லியா?”

விடை எட்டு வகை என்றது நன்னூல். களத்தில் வழங்குபவை மூன்று.

நேர்விடை: “வீட்லயே படிக்கிறாங்க.” இதைச் சொன்னவர், 6 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வி என்னும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்பதையும் சேத்தியாத்தோப்பு வரும்வரை விளக்க நேரும். கேட்டவர் இறங்கும்போது, “அதெல்லாம் சரிங்க, பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புங்க” என்பார்.

உற்றது உரைத்தல்: “காய்ச்சல்ங்க.” கேட்டவர் வேறு சீட்டுக்குப் போய்விடுவார். ஜன்னலோரம் காலியாகும். மூன்றில் பயன் மிக்கது இது.

வினா எதிர் வினாதல்: “ஏன், உங்களுக்கு இன்னிக்கு வேல இல்லியா?” இதன்பின் பயணம் மோன நிலையில் தொடரும்.

எஞ்சிய ஐந்தும் வழக்கொழிந்தன என்க. ஆனால் கண்டக்டர் அரை டிக்கெட்டுக்காக வயதைக் கேட்கும் இடத்தில் ஒன்பதாவது வகை தோன்றுகிறது. அப்பா “பன்னெண்டு” என்பார். உண்மையே பேசு என்று அதே அப்பாவிடம் வீட்டில் பாடம் கேட்ட பிள்ளை, “இல்லண்ணா, போன மாசமே பதிமூணு ஆயிடுச்சு” என்று திருத்தும். பவணந்தியார் இதற்கு இலக்கணம் வகுக்கவில்லை. அவர் காலத்தில் பஸ் இல்லை.

3. திணைப் பகுப்பு

குறிஞ்சி: இவ்வட்டாரத்தில் மலை இல்லை. நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டிக் கொட்டிய மண்மேடுகளே மலை. 1956இல் நிறுவனம் தொடங்கியபின் வளர்ந்தவையாதலால், தாத்தாவைவிட வயதில் இளைய மலை உலகில் இங்குதான் உண்டு என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்நம்பிக்கை கலைக்கப்படவில்லை. குறிஞ்சிக்குரிய உரிப்பொருளை, இவ்வேடு பிள்ளைகள் கையில் அகப்படும் என்பதால் விட்டுவிட்டோம்.

முல்லை: விருத்தாசலம் பக்கத்து முந்திரித்தோப்பு. உரிப்பொருள் இருத்தல், அதாவது திரும்பும் பஸ்ஸுக்காக.

மருதம்: வீராணம் ஆயக்கட்டு. ஊடல், ஜன்னலோர சீட்டுக்காக.

நெய்தல்: பிச்சாவரம். காடு என்பதால் முல்லை என்பாரும், கழி என்பதால் நெய்தல் என்பாரும் உளர். இரங்கல் நிகழ்வதால் நெய்தலே. சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு மறு செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கும் பிள்ளையைக் கண்டவர் இதில் ஐயுறார். தில்லை மரத்தைக் காண வேண்டுமென்றால், தில்லை என்றே பெயர்கொண்ட சிதம்பரத்தை விட்டு இங்கேதான் வரவேண்டும். அதன் பால் கண்ணுக்கு ஆகாது. அதைச் சொன்ன அடுத்த நொடி பிள்ளையின் கை இலையை நோக்கிப் போகும்.

பாலை: சிதம்பரம் பேருந்து நிலையம், சித்திரை, நண்பகல். பிரிதல், தண்ணீர் பாட்டிலோடு.

4. பெரும்பொழுது

ஆடி: மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும். அந்தத் தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கி, கீழணையில் திரும்பி, வடவாறு வழியே வீராணத்துக்கு வரும். இதைப் படம் போட்டு விளக்கிய அப்பாவைவிட, பதினெட்டாம் பெருக்கன்று சப்பரம் இழுத்த பிள்ளைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. சப்பரத்தைப் பிடிக்க அது கூடவே ஓடியதால்.

மார்கழி: ஆருத்ரா தரிசனம். கையை விடாதே.

தை: வடலூர். வள்ளலார் 1867இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று பெற்றோர் உருக்கமாகச் சொல்வர். “அப்ப சாம்பல எப்ப அள்ளுவாங்க?” என்று பிள்ளை கேட்கும். ஞானசபையில் ஏழு திரை விலகுவதற்குள் அதற்குப் பதில் யோசித்துக்கொள்வது நலம்.

மாசி: ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போகிறார். கிள்ளையில் இசுலாமியர் அவரை வரவேற்பது நெடுநாள் வழக்கம். சமூக அறிவியலில் ஒரு பாடம் முழுக்க நடத்த வேண்டியது பொரிகடலை தின்றுகொண்டே முடிந்துவிடுகிறது. இதற்கு ஒர்க்‌ஷீட் தயாரித்த பெற்றோரும் உளர்.

5. மதகு எண்ணும் நெறி

வீராணம், முதலாம் பராந்தகன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டியது, தந்தையின் பட்டப்பெயரைத் தாங்கியது. 1950இல் கல்கி எழுதத் தொடங்கிய கதை இக்கரையில்தான் ஆடிப் பெருக்கன்று தொடங்குகிறது. அதில் எழுபத்து நான்கு கணவாய்கள் வழியாகத் தண்ணீர் பாய்கிறது. அக்கதையின் படம் பார்த்துவிட்டு வந்த குடும்பங்கள் பிள்ளைகளைக் கரையில் நிறுத்தி “எண்ணு” என்கின்றன. ஒரு பிள்ளையின் கணக்கு மற்றொன்றோடு ஒத்துவந்த சான்று இல்லை. எல்லாருமே எழுபத்து நான்குக்குக் கீழே.

இப்பிரதிகளை ஒப்புநோக்கியதில், ஆட்டுக்குட்டி குறுக்கிட்ட இடத்தில் இரண்டு மதகுகள் விடுபட்டமையும், ஐஸ் வண்டி மணி கேட்ட இடத்தில் ஏடு முற்றிலும் சிதைந்தமையும் தெரியவந்தன. ஆட்டுக்குட்டிக்கு முந்தையதே மூலபாடம் எனக் கொள்க (ஆடு மேய்த்த பெரியவர், நேர்காணல், பீடிக்கு முன்னும் பின்னும்).

6. வடை வழக்கு

ஆய்வின் இதயம் இவ்வியல்.

உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைச் சொல்கிறது. அவர்கள் உடைமையை என்ன செய்வது என்பதைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், யார் சொல்லிக் கொன்றார்கள் என்பதைச் சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் மறுத்தார். அன்றுமுதல் அக்கல்வெட்டில் இருக்கும் வரிகளைவிட இல்லாத வரிகளுக்கே உரை அதிகம்.

இக்கோயிலைப் பார்த்துவிட்டு ஏரிக்கரையில் அமர்ந்த வீட்டுப்பள்ளிக் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்தது வருமாறு. அம்மா, அப்பா, தாத்தா, சித்தப்பா, அக்கா, தம்பி என ஆறு பேர். மசால்வடை 12. ஆளுக்கு இரண்டு. தம்பிக்கு ஒன்றுதான் கிடைத்தது.

நமக்குக் கிடைக்கும் ஒரே சமகாலச் சான்று அக்காவின் பயண நோட்டு. இரவு வீட்டுக்கு வந்தபின் பொறிக்கப்பட்டது: “வடை 12. தம்பிக்கு 1 தான். சித்தப்பாவுக்கு ஐஸ் கிடையாது. அம்மா உத்தரவு.” தண்டனை தெளிவு. குற்றம் மௌனம். “தின்றார்” என்ற வினைமுற்று எங்கும் இல்லை என்பதைக் கூர்ந்து நோக்குக. ஆய்வாளர் ஐந்து அணியாகப் பிரிந்தனர்.

முதல் அணி ஆதாயவாதிகள். ஒரு செயலால் யாருக்கு ஆதாயமோ அவரே அதைச் செய்தவர். வடை போனதால் ஆறுதலாக இரண்டு ஐஸ் பெற்றவன் தம்பி. ஆகவே தின்றவன் தம்பியே. இவ்வாதம் சோழர் வரலாற்றில் நன்கு பழகிய வாதம். ஆகையால் இதை மறுப்பவர், பாவம், அங்கும் சேர்த்து மறுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் அணி தாமதவாதிகள். சம்பவம் நண்பகலில், உத்தரவு இரவில். இடைப்பட்ட ஆட்சிக்காலத்தில் பொறுப்பிலிருந்தவர் தாத்தா. அம்மா கோயில் வாசலில் விட்டுவந்த செருப்பை எடுக்கப் போயிருந்தார். தாத்தா ஏன் விசாரிக்கவில்லை? சேத்தியாத்தோப்பு வரை கண்ணை மூடியிருந்தது தூக்கத்தாலா?

மூன்றாம் அணி பல்லியலார். மசால்வடையைத் தாத்தாவால் கடிக்க இயலாது, ஆகவே அவர் குற்றமற்றவர். டீயில் ஊறவைத்தால் முடியும் என்பது எதிர்வாதம். அன்று டீ வாங்கியதற்குச் சான்றுண்டா என்பது மறுஎதிர்வாதம். டீக்கடைக்காரர் ஒரு கிளாஸ் திரும்பி வரவில்லை என்றது புதுச் சான்று (கடைக்காரர், கரும்பலகைக் கடன் கணக்கு, கீழிருந்து நான்காம் வரி, பாதி அழிந்தது, அழித்தவர் யார் எனத் தனி ஆய்வு தேவை).

நான்காம் அணி இடைச்செருகல்வாதிகள். வடை 12 என்பதே பிற்காலத்தார் சேர்த்தது. சுட்டவரான அத்தையின் கூற்றுப்படி ஒன்று சட்டியிலேயே உடைந்தது. எனவே கரைக்கு வந்தவை 11. (அத்தை, பருப்பு ஊறிய வரலாறு, அடுப்படி வாய்மொழித் தொகுதி, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பைவிடக் குரல் உயர்ந்தது; பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பிரதியோடு ஒப்பிடுக; அப்பிரதியில் ஐந்து இருந்ததாகக் கொண்டால் முழுக் கணக்கும் மாறும்; ஆனால் அவ்வீட்டார் நம்மிடம் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.)

ஐந்தாம் அணி: காக்கை. பாட்டி கதையில் வடையை ஏற்கெனவே ஒருமுறை கொண்டுபோன பறவையாதலால், முன் குற்றம் உடையது.

சித்தப்பாவைக் கேட்டாலென்ன என்று தம்பி கேட்டான். களப்பணி அனுபவம் இல்லாதவன். உயிரோடிருப்பவரைக் கேட்டு முடிவுக்கு வருவது ஆய்வுநெறி அன்று. அவர் காலமானபின் அவருடைய மௌனத்திலிருந்து முடிவைக் கொணர்வதே நெறி. ஐந்து தரப்புக்கும் வாய்ப்புண்டு என்று இவ்வியல் முடிகிறது. வழக்கை முடித்துவிட்டால் அடுத்து வரும் ஆய்வாளர்க்குத் தலைப்புக் கிடைக்காது.

7. கண்டடைவு

காட்டுமன்னார்கோயிலில் பிறந்த நாதமுனிகள், கும்பகோணத்துப் பெருமாளைப் பாடிய பாசுரங்கள் பத்தைப் பாடக் கேட்டார். ஆயிரத்துள் பத்து என்று அதன் கடைசியிலேயே இருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் நன்றாயிருக்கிறது என்று போய்விட்டார்கள். அவர் ஒருவர்தான் மிச்சம் எங்கே என்று கேட்டார். பாடியவர்களுக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டு ஆழ்வார்திருநகரிவரை போனார். ஆயிரம் தேடிப் போனவர் நாலாயிரத்தோடு வந்தார் என்பது வைணவ மரபு. நெறியாளர் இல்லை, கருதுகோள் இல்லை, பயணப்படி இல்லை. தென்னாட்டின் தலையாய சிற்றுலா அதுவே என இவ்வாய்வு துணிகிறது. இரவு தங்கியிருப்பார் என்ற தடையை மட்டும் தளர்த்துக.

பிள்ளைகள் இவ்வட்டாரத்தில் கேட்டவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் அக்கேள்வியே திரும்பத் திரும்ப வருகிறது. தில்லையில் இருந்த தில்லை மரமெல்லாம் எங்கே? கதையில் சொன்ன மிச்ச மதகு எங்கே? ஏரியின் கொள்ளளவு 1465 மில்லியன் கன அடி, கரை நிரம்பியிருக்கிறது, அப்படியிருக்க எங்கள் தெருக்குழாயில் ஏன் காற்று வருகிறது? (விடை: 2004 முதல் ஒரு பங்கு குழாய் வழியாக 200 கிலோமீட்டருக்கும் மேல் போய்ச் சென்னையில் குளிக்கிறது. மறுபாதிக் கேள்விக்கு விடை ஒர்க்‌ஷீட்டில் இல்லை.) என் மிச்ச வடை எங்கே?

நாலாயிரத்தைத் தந்த கேள்வியும் வடையைத் தேடும் கேள்வியும் ஒன்றே. இதைக் கற்பிக்க முடியாது. பிள்ளை கேட்கும்போது, “அப்புறம் சொல்றேன், மொதல்ல மூணாவது கட்டத்த நிரப்பு” என்று சொல்லி நிறுத்த மட்டும் முடியும். பள்ளியில் இதைச் செய்கிறார்கள் என்று கோபித்துப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்த பெற்றோர், ஏரிக்கரையில் லேமினேட் செய்த அட்டையோடு அதையே செய்கிறார்கள். மேலும், அட்டை காற்றில் பறக்கிறது.

8. வாய்மொழித் தேர்வு

வழக்கம்போல் புறத்தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 83ஆம் பக்கத்தில் “வடை”க்குப் பிறகு ஒற்று மிகுமா? மிகும், மிகாது என்று அவை இரண்டாகி, உணவு இடைவேளைவரை பேசியது. ஒற்றுப்பிழை நீக்கப்படுமெனில் முனைவர் பட்டத்துக்கு உரியது எனப் பரிந்துரை. பார்வையாளராக வந்திருந்த தம்பியைப் பேச அழைக்கவில்லை. அவன் பள்ளிக்குப் போகாதவன்.

இறுதியில் அவையோர்க்கு வடையும் காபியும் வழங்கப்பட்டன. தட்டில் ஒன்று குறைந்தது. யாரும் கேட்கவில்லை. அங்கிருந்தவர்கள் எல்லாரும் முனைவர்கள்.