'எதற்காகத் தேவை' என்ற கட்டத்தில் இடம் போதவில்லை

அனுப்புநர்: ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றுக்கும், நாலு ஏக்கர் காட்டுக்கும், ஒரு கிணற்றுக்கும் சொந்தக்காரன், மேற்கு மலையடிவாரம்.

பெறுநர்: துப்பாக்கி உரிமம் வழங்கும் அதிகாரி அவர்கள்.

பொருள்: உரிமம் புதுப்பித்தல் – விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப முடியாமை குறித்து.

பார்வை: ஆயுதச் சட்டம் 1959, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு வந்த பன்றி.

ஐயா,

மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன். பெயர், தகப்பனார் பெயர், என்மேல் வழக்கில்லை என்ற உறுதிமொழி, புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்து. (இன்னமும் விவசாயம்தான் பார்க்கிறேன் என்றதும் அவர் சற்று யோசித்துவிட்டுத்தான் போட்டார்.) 'எதற்காகத் தேவை' என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. எங்கள் அப்பாரு காலத்திலிருந்து அங்கே 'பயிர்ப் பாதுகாப்பு' என்று எழுதி வருகிறோம். பொய்த் தகவல் கொடுத்தால் தண்டனை என்று அந்தத் தாளிலேயே எச்சரித்திருக்கிறீர்கள். அதனால்தான் இந்தமுறை கை வரவில்லை.

ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். பயிரைக் காக்க, குழல் வாயில் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி கேட்கிறவனுக்கு, காரணம் மெய்யாக இருந்தால் உரிமம் கொடுக்க வேண்டும் என்கிறது. அதை எழுதியவர்களுக்குப் பன்றியைத் தெரிந்திருக்கிறது. பதின்மூன்று வருஷம் கழித்து வந்த வன உயிரினச் சட்டமோ, அனுமதி இல்லாமல் பன்றியைச் சுட்டால் உள்ளே போவாய் என்கிறது. ஆக, பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். பயிரைத் தின்கிறதைச் சுடக் கூடாது. மிச்சம் இருப்பது வானம். தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய லட்சுமி வெடியும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதற்குப் போலீஸ் விசாரணை கிடையாது. அதிலும் 2019 திருத்தத்தில், கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்குத் துப்பாக்கி வெடித்து ஆபத்து விளைவித்தால் இரண்டு வருஷம் வரை சிறை என்று போட்டுவிட்டீர்கள். ரொம்பச் சரி. நான் வெடிப்பது துக்கத்தில். அதற்குப் பிரிவு ஏதும் இருந்தால் தெரியப்படுத்தவும்.

சுட அனுமதி கிடைத்தாலும் பன்றி ஒன்றும் பயப்படத் தேவையில்லை. கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி நார் வைத்து இடித்து, கேப்பைப் பொருத்தி நான் நிமிர்வதற்குள், அது குட்டிகளோடு ஒரு பாத்தியை முடித்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போயிருக்கும். என் முழங்கால் நிலவரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசு எங்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரியில் ஒரு வழி பிறந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்றுக்குள் என்றால் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம். சுடுவது வனத்துறை ஆட்கள். என் காடு இரண்டே முக்கால் கிலோமீட்டரில் இருக்கிறது, அதை ஒட்டிய பங்காளி காடு மூன்றைத் தாண்டுகிறது. ஒரே பன்றி, ஒரே ராத்திரி. வரப்புக்கு இந்தப் பக்கம் அது கூண்டு வண்டியில் வழியனுப்பி வைக்க வேண்டிய சம்பந்தி. அந்தப் பக்கம் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை. இதைப் பன்றிக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை, பங்காளி காட்டுப் பக்கம் அது தலைவைத்தும் படுப்பதில்லை. எங்கள் பக்கம் தோட்டந்துரவையும் காடு என்றுதான் சொல்வோம். வனத்துறைக்கும் அது காடாகவே பட்டுவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்தது தேர்தல். தேதி அறிவித்த மறுநாள் ஸ்டேஷனிலிருந்து போன் வரும்: "துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைங்க." ஒரு குழு உட்கார்ந்து, யாரிடமிருந்து வாங்குவது அவசியம் என்று ஆளாளாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். ஆனால் குழுவை உட்காரவைப்பதைவிட எங்களை நடக்கவைப்பது சுலபம். 2024-இல் மார்ச் 16 அன்று அறிவித்தார்கள். நாங்கள் ஏப்ரல் 19-இல் ஓட்டுப் போட்டோம். மற்ற மாநிலங்களில் இன்னும் ஆறு கட்டம் நடந்து, ஜூன் 4-இல் எண்ணி முடித்தார்கள். என் விரலில் மை அழிந்து, மக்காச்சோளமும் அழிந்து, எண்பது நாளைக்குப் பிறகும் என் துப்பாக்கி கம்பிக்குள்ளேதான் இருந்தது. வாக்குச்சாவடியைக் கைப்பற்ற அதை எடுத்துக்கொண்டு போவேன் என்று நினைத்திருந்தால், என்னைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்தவர் நீங்கள் ஒருவர்தான். திரும்பி வந்தபோது குழலில் துரு இருந்தது. ஆயுத பூஜைக்கு உங்கள் துப்பாக்கிகளுக்குப் பொட்டு வைப்பீர்களே, அப்போது அதையும் கொஞ்சம் துடைத்துவிடச் சொல்லலாமா?

இந்த அவநம்பிக்கை தாங்கள் கண்டுபிடித்ததல்ல என்பது எனக்குத் தெரியும். தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது 1877-இல் டெல்லியில் தர்பார் நடத்தினாரே லிட்டன் பிரபு, அவர் விட்டுப்போன சொத்து இது. 1878-இல் ஒரே வருஷத்தில் சுதேசிப் பத்திரிகைச் சட்டம், ஆயுதச் சட்டம் இரண்டையும் கொண்டுவந்தார். வெள்ளைக்காரனுக்கு உரிமம் வேண்டாம், நமக்கு வேண்டும். பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு வந்து எடுத்துவிட்டார். ஆயுதச் சட்டம் நாடு விடுதலையாகியும் ஓய்வுபெறாமல் உத்தியோகம் பார்த்தது. பக்கத்துக் குடகில் கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு இன்னமும் ஓடுகிறது. 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். துப்பாக்கிக்கென்றே அவர்கள் ஒரு பண்டிகை கொண்டாடுகிறார்கள். பொறாமையில் சொல்லவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் பிறக்காமல் போனேனே என்றுதான்.

எல்லோருக்கும் துப்பாக்கியை அள்ளிக் கொடுங்கள் என்று கேட்கிறவன் நானல்ல. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் பெற்றோரையும் மகனையும் கொன்றுபோட்டார்கள். 2025-இல் சிவகிரி பக்கம் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்றார்கள். அதற்கப்புறம் எங்கள் டீக்கடையில் தினமும் இதே பேச்சு: ஆளுக்கொரு துப்பாக்கி இருந்தால் எவன் கிட்ட வருவான்? தூக்கத்தில் இருக்கிற எழுபது வயசுக்காரன் நார் வைத்து இடித்து முடிக்கிறவரை வாசலில் காத்திருக்கிற திருடன் எந்த ஊரில் இருக்கிறானோ! துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் அதைத் திருடவே வருவான். டெக்சஸில் இருக்கிற என் மச்சான் மகனோ, எங்கள் ஊரில் உரிமமே வேண்டாம் மாமா என்று பெருமையாகச் சொல்கிறான். அதே டெக்சஸில் யுவால்டி என்ற ஊர்ப் பள்ளியில் 2022 மே மாதம் ஒருவன் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்றான். கடைசியில் அங்கே வந்து சேர்ந்த போலீஸார் 376 பேர், எல்லோரிடமும் துப்பாக்கி இருந்தது. அவனை எதிர்கொள்ள அவர்களுக்கு 77 நிமிஷம் பிடித்தது. தோட்டத்து வீடுகளுக்காக நான் கேட்பது ராத்திரி ரோந்தும் தெருவிளக்கும்தான். அதற்கு விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் கிடைக்கும்?

உரிமம் இல்லாதவன் என்ன செய்கிறான் என்பதையும் தாங்கள் பார்க்க வேண்டும். அவனுக்கு டாக்டர் கையெழுத்து வேண்டாம். அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடியைப் பழத்துக்குள் வைத்து வரப்போரம் போடுகிறான், அதைப் பன்றி கடிக்கும், யானைக்குட்டியும் கடிக்கும். இல்லையென்றால் கம்பியில் திருட்டு மின்சாரம் விடுகிறான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அப்படியொரு கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. துப்பாக்கிக்காரனைத் தேர்தலுக்குத் தேர்தல் எண்ணிப் பார்க்கிற அரசாங்கம் இந்தக் கம்பிகளை யானை விழுந்த பிறகுதான் எண்ணுகிறது.

ஆகவே அந்தக் கட்டத்தில் 'சத்தத்துக்கு' என்று எழுதியிருக்கிறேன். இது செல்லாது என்றால், பன்றி தின்ற பயிருக்கு நான் கேட்ட இழப்பீட்டுத் தொகையைக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், மறுப்பேதும் இல்லை.

உரிமக் காலம் முடிந்துவிட்டதால் துப்பாக்கி இப்போது ஸ்டேஷனில் இருக்கிறது, ரசீது நகல் இணைத்துள்ளேன். மக்காச்சோளம் பால் பிடிக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்த்துப் பரணில் உட்கார்ந்திருக்கும் விவசாயி